மூத்தவள் பேசும் கேசட்

கல்யாணமாகி பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து கோழியை அடுப்பில் ஏற்றியிருந்தேன். முன்னறையில் 'டக்' என்று ஒரு பித்தான் அழுந்தும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் குரல். "அக்கா, நான்தான் பேசுறேன். நல்லாருக்கியா? இங்க நாங்க எல்லாரும் நல்லாருக்கோம்." யாரோ விருந்தாளி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வெளியே போனேன். அறையில் அவர் மட்டும்தான் இருந்தார். அவர் மடியில் மூன்று வயது மகள். எதிரே பலகைச் சுவரை ஒட்டிய மேசைமேல் ஒரு ரேடியோ கேசட் பெட்டி. அதற்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்தவள் அவருடைய முதல் மனைவி. நான் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். சிரித்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கதவருகே நின்றேன். அவர் என்னைப் பார்த்து, உட்கார் என்பதுபோல் தலையை அசைத்தார். கோழி தீய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

முறைப்படி அவளை நான் அக்கா என்றுதான் சொல்ல வேண்டும். வாயால் அப்படித்தான் சொன்னேன். மனசுக்குள் அவள் எனக்கு மூத்தவள்தான், இன்றைக்கும் அப்படித்தான். உயிரோடு இருக்கும் சக்களத்தியாக இருந்தால் குழாயடியில் வைத்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். செத்தவளிடம் எதைக் கேட்பது? அவளுக்கு வயது ஏறுவதில்லை. இடுப்பு பெருப்பதில்லை. ஒரு நாளும் அவள் குழம்பில் உப்புக் கூடுவதில்லை. லயத்துப் பெண்கள் வேறு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவளைப் பற்றியே பேசினார்கள். தோட்டத்துக் கோயிலுக்கு பாதர் மாதத்தில் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அவள்தான் பாட்டு எடுத்துக் கொடுப்பாளாம், அந்தக் குரல் ரப்பர்ப் பால் ஸ்டோர் வரைக்கும் கேட்குமாம். எனக்குக் கட்டைக் குரல். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அம்மாவோடு மரம் சீவப் போய், நிரைக்கு நிரை கத்திக் கூப்பிட்டே தடித்துப்போன குரல். நான் கோயிலில் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவள் மெல்லத் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தக் கேசட் எங்கள் வீட்டில் தங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. குடியுரிமையும் கிடைக்காமல், வேலைப் பெர்மிட்டும் கிடைக்காமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போன சொந்தம் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. மூத்தவளின் அக்காவும் அப்படிப் போனவள்தான். இவர்களுக்குள் பேச்சு கேசட்டில் நடந்தது. இங்கே ஒரு பக்கம் பேசி, ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். அங்கே அதைக் கேட்டுவிட்டு மறுபக்கத்தில் பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். வந்த கேசட்டின்மேலேயே இங்கிருந்து அடுத்த சேதி ஏறும். பழைய பேச்சு அழிந்து புதிய பேச்சு வரும், அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. மூத்தவள் கடைசியாகப் புதிதாக வாங்கிப் பேசி அனுப்பிய கேசட் அங்கே போய்ச் சேர்வதற்குள் இங்கே அவள் இறந்துவிட்டாள். அந்த அக்கா அதைக் கேட்டுவிட்டு, பிள்ளைக்குத் தாயின் குரலாவது இருக்கட்டும் என்று மறுபக்கம் ஒரு வார்த்தையும் பேசாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் மட்டும் வழக்கம்போல் பதில் பேசி அனுப்பியிருந்தால், இங்கே யாராவது அதன்மேல் பேசி இவள் குரலை அழித்திருப்பார்கள், நானும் நிம்மதியாகச் சமைத்திருப்பேன் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அவரிடம் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த பெட்டி. முன்பக்கம் கட்டை கட்டையாகப் பித்தான்கள். பேச்சைப் பதிகிற பித்தான் மட்டும் சிவப்பு. மூலையில் அரிசி அளவுக்குச் சில ஓட்டைகள், அதுதான் மைக். அவள் பேசியதும் அந்தப் பெட்டியில்தான், அவர் போட்டுக் கேட்டதும் அதிலேயேதான். அதில் சினிமாப் பாட்டுப் போட்டால் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கும், மேளம் எங்கே போனதென்றே தெரியாது. பேச்சு என்று வந்துவிட்டால் மட்டும் அவ்வளவு தெளிவு. பலகை வீடு சத்தத்தைத் திருப்பி அடிக்காது. அதனால் அவள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழும். சில ஞாயிறுகளில் போடுவார். கல்லறைத் திருநாளன்று, கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தபின் கட்டாயம் போடுவார். போடுவதற்கு முன்னால் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பெட்டிக்குள்ளே நாடா உரசுகிற அந்தச் சின்ன இரும்பைத் துடைப்பார். அழுக்குப் படிந்தால் குரல் மங்கிவிடும் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே துடைப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் துணி நனைத்துப் போட்டதுகூட அவ்வளவு பக்குவமாக இருந்ததில்லை.

நான் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. அடுப்படியில் நின்றே முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது. முதலில் நலம் விசாரிப்பாள். மழை விடாமல் பெய்வதால் வேலையில்லை என்பாள். பிள்ளைக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டது, கடிக்கிறாள் என்பாள். அப்புறம் அந்த மீன் கதை. "நேத்து பசாருக்குப் போயி மீன் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனேன் அக்கா. பூனைக்குப் போடுற மாரி பொடிப் பொடியா வாங்கிட்டு வந்துருக்காரு. ஏன்னு கேட்டா, நீ இருக்குற சைசுக்கு இது போதும் லா, பெரிய மீனு உன்ன முழுங்கிரும்னு சொல்றாரு." அந்த இடத்தில் ஒரு உறுமல் வரும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அடங்கும். அவர் தோட்டத்து லோரி ஓட்டியவர். அவள் பேசும்போது வாசலில் லோரியைப் போட்டு எஞ்சினை நிறுத்தாமல் விட்டிருக்கிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். நடுவில் அவள் "போங்க அங்கிட்டு" என்பாள், லோரியை எடுத்துப் போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உறுமல் முடிந்ததும் அவள் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போவாள். மகள் அந்த இடம் வந்தால் கூடவே சிரிப்பாள். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் முன்னறைக்குப் போகவே மாட்டேன்.

ஒரு தடவை, வந்த புதிதில், கேட்டுவிட்டேன். கேசட்டின் மறுபக்கம் சும்மாதானே இருக்கிறது, தைப்பிங்கில் இருக்கும் என் அம்மாவுக்கு நான் நாலு வார்த்தை பேசி அனுப்பட்டுமா என்றேன். அம்மா அப்போது என் தம்பியோடு போயிருந்தாள். அவர் கோபப்படவில்லை. "வேற கேசட் வாங்கித் தாரேன்" என்றார், அவ்வளவுதான். அடுத்த சம்பளத்தன்றே பிரிக்காத புதுக் கேசட்டுகளை ஒரு கட்டாக வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். எனக்கு அந்தப் பழைய கேசட்டின் மறுபக்கம்தான் வேண்டியிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னாலாவது எனக்கு ஒரு இடம் கிடைக்கட்டுமே என்ற வீம்பு. புதுக் கட்டை நான் பிரிக்கவே இல்லை. அவரும் ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை. பின்னால் மகள் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பதிய எடுத்துப் போய் ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டாள்.

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்ததும் ரந்தாவ் தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு எடுத்து வந்தோம். சிமெண்டுச் சுவர், தரைக்கு ஓடு, ஹாலில் இரண்டு நாற்காலி. பழைய பெட்டி உயிரை விட்டிருந்தது. அவர் செரம்பானுக்குப் போய், இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் வைத்த ஒரு காம்போ வாங்கிவந்தார். பளபளவென்று விளக்கெல்லாம் எரியும். பாட்டுப் போட்டால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். முதல் வேலையாக அந்தக் கேசட்டைத்தான் போட்டார். மூத்தவள் வாயைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று பேசுகிறவளின் குரல் வந்தது. சொல்லுக்குச் சொல் ஒட்டிக்கொண்டு, சுவரில் மோதி மோதித் திரும்பியது. மகளுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அம்மா குரல் மாறிப்போச்சு என்று அழுதுவிட்டாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க அடுப்படிக்குள் போக வேண்டியிருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. மனுசர் விடவில்லை. அடிச்சத்தத்தைக் கூட்டும் பாஸ் பித்தானை அணைத்தார். மூலையில் இருந்த பெட்டிகளைச் சுவரை விட்டு முன்னால் இழுத்தார். ஸ்டூல்மேல் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர் காது மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் கேசட்டைப் போட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். போதாது என்று உதட்டைப் பிதுக்குவார். தரையில் பாய் விரித்தார். கடைசியில் பட்டணத்துக்குப் போய்க் கனமான திரைத்துணி வாங்கி வந்து, எதிர்ச்சுவர் ஜன்னல் முழுக்க மாட்டினார். அன்றைக்கு எதிரொலி அடங்கியது. மூத்தவள் தொட்டியை விட்டு மேலே ஏறி வந்து, பழையபடி மழையைப் பற்றிப் பேசினாள். அந்த ஜன்னலுக்குத் திரை வேண்டும், வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது என்று நான் குடிவந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டது நான், மாட்டியது அவளுக்காக. அந்தத் திரையைத் துவைக்கும்போதெல்லாம் கூடக் கொஞ்சம் அடித்துத்தான் துவைத்திருக்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால் அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். எனக்குப் பிள்ளை தங்கவில்லை, அதற்காக ஒரு சொல் சொன்னதில்லை. பேச்சுத்தான் கிடையாது. காலையில் போகிறேன் என்பார், மாலையில் வந்துட்டேன் என்பார், இடையில் சோறு போதும் என்பார். சிரித்தால் உதடு கொஞ்சம் விரியும், சத்தம் வராது. சில ஆண்கள் பிறவியிலேயே அப்படி என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அவளிடமும் இப்படித்தானே இருந்திருப்பார் என்று. சந்தையிலிருந்து எனக்கு வாங்கிவந்ததெல்லாம் பெரிய மீன்தான், நல்ல தெங்கிரி, நல்ல செனாங்கின். பையை நீட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன். அதில் கேலிக்கு இடமேயில்லை.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. உட்கார்ந்த நாற்காலியிலேயே மாரடைப்பு. அடக்கமெல்லாம் முடிந்து, வீடு வெறிச்சோடிய பிறகு, எனக்கு அவர் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. போகிறேன், வந்துட்டேன் என்ற அந்த இரண்டு சொல் போதும். மகளிடம் சொன்னேன். அவள் தன் போனில் இருக்கும் வீடியோக்களையெல்லாம் தேடினாள். பிறந்தநாளில் கேக் வெட்டும்போது நிற்கிறார், கைதட்டுகிறார். கிறிஸ்துமஸில் பேரப்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். போனை முகத்துக்கு நேரே கொண்டுபோனால் கையால் தள்ளிவிடுகிறார். ஒன்றிலும் பேசவில்லை. வைத்திருந்தது பித்தான் போன், அதில் குரலைப் பதிந்து அனுப்பும் பழக்கம் ஏது? இவ்வளவு கருவிகள் வந்துவிட்ட காலத்தில், ஒருவர் தன் குரலை ஓரிடத்திலும் விட்டுவைக்காமல் போயிருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

போன மாதம் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன் தெமியாங்கில் உள்ள மகள் வீட்டில் ஜெபம் வைத்து, சொந்தங்களுக்குச் சாப்பாடு போடுவதாக ஏற்பாடு. அந்தக் கூட்டத்தில் தன் அம்மாவின் குரலைப் போட்டுக்காட்ட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. மருமகனுக்கு ஸ்பீக்கர் பைத்தியம். ஹாலைச் சுற்றி ஐந்து பெட்டி, தரையில் அடுப்புக் கல் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, சுவரில் பஞ்சுப் பலகை. கூட்டாளி ஒருவரிடம் நல்ல கேசட் பிளேயர் இரவல் வாங்கி, அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். ஏற்றி முடிக்கிற நேரத்தில் நாடா அறுந்துவிட்டது என்றான். ஏற்றியது பத்திரமாக இருப்பதால் பரவாயில்லை என்றும் சொன்னான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் தே ஆற்றிக்கொண்டிருந்தபோது அவன் அதைப் போட்டான்.

எனக்குப் பழக்கமான குரல்தானே, வரட்டும் என்றுதான் நின்றேன். வந்தது பழைய குரல் இல்லை. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது, கூரைத் தகரத்தில் மழை பெய்தது, எங்கோ ஒரு குழந்தை 'ங்ஙே' என்று மழலை பேசியது. அது என் மகள், கீழ்ப்பல் இரண்டு முளைத்த என் மகள். மீன் கதை வந்தது. பெரிய மீனு உன்ன முழுங்கிரும்னு சொல்றாரு என்று அவள் முடித்தாள். நான் லோரிக்காகக் காத்திருந்தேன். லோரி வரவில்லை. ஒரு ஆள் சிரித்தான். அடி வயிற்றிலிருந்து, அடக்க முடியாமல், கதவுப் பக்கத்திலிருந்து சிரித்தான். சிரிப்புக்கு நடுவிலேயே, "பொய் சொல்றா அண்ணி, நம்பாதீங்க. முழு மீனையும் அவதான் தின்னா" என்றான். அவள் "போங்க அங்கிட்டு" என்றாள். மறுபடியும் சிரித்தான். கையிலிருந்த தே கோப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அந்தக் குரலை எனக்குத் தெரியும், அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் என்னோடு ஒரே கூரைக்கடியில் இருந்த மனுசருக்கு அப்படியொரு சிரிப்பு இருந்திருக்கிறது. பேச்சும் இருந்திருக்கிறது, கேலியும் இருந்திருக்கிறது. எல்லாம் அவளிடம் தீர்ந்துபோய், காலிப் பாத்திரம்தான் எனக்கு வந்திருக்கிறது. மூத்தவளின் குரலைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு எரிந்ததுதான் எரிச்சல். அந்தக் கேசட்டில் எங்கள் வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள். அவர் இருக்கிறார், அவள் இருக்கிறாள், மகள் இருக்கிறாள். நான் ஒருத்திதான் இல்லை. பொடி மீனுக்காகப் பொறாமைப்பட்ட பெண்பிள்ளை இந்த நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இது எப்படி முன்னால் கேட்காமல் போனது என்று மருமகனிடம் கேட்டேன். ஸ்பீக்கர் விஷயம் என்றால் அவனுக்கு வேறெதுவும் தெரியாது. பேச்சின் தெளிவெல்லாம் நடுச் சத்தத்தில் இருக்கிறது, சின்னப் பெட்டி அந்த நடுவை மட்டும் எடுத்துக் கொடுக்கும், அதனால் மைக்குக்குப் பக்கத்தில் பேசியவர் பளிச்சென்று கேட்பார் என்றான். தூரத்தில் கனத்த குரலில் பேசியது அதில் உறுமலாகிவிடுமாம். பாஸ் கூடிய காம்போவில் அந்த உறுமல் இன்னும் ஊதிப் பெருத்துவிடுமாம். மூத்தவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவர் வாசலில் நின்றார், அவ்வளவுதான் காரணம். சொல்லி முடித்துவிட்டு அவன் உற்சாகமாக, "கவலப்படாதீங்க அத்தை, பின்னால உள்ள சத்தத்த எல்லாம் தூக்கிடலாம். மழை, புள்ள சத்தம், அந்த ஆளு சத்தம், எல்லாத்தயும். பெரிய அத்தை குரல் மட்டும் சுத்தமா நிக்கும்" என்றான். இருபத்திச் சொச்சம் வயதில் செத்தவள் பெரிய அத்தை. அந்த ஆளு என்று அவன் சொன்னது தன் மாமனாரை. சுத்தம் செய்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம், மற்றது வெறும் இரைச்சல்தானே, எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்றும் சொன்னான்.

மகள் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு வேண்டியது அம்மாவின் குரல். அது எவ்வளவு துல்லியமாக வருகிறதோ அவ்வளவு நல்லது. பின்னால் இருப்பது அப்பா என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், ஆனால் அவள் கண்ணில் நீர் நிறைய, அம்மாவின் குரல் வந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவன் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டேன். வேண்டாம் என்றேன். மகள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"சின்னம்மா, உங்களுக்குத்தான் அந்தக் கேசட்டக் கண்டாலே ஆவாதே."

"ஆவாதுதான். இப்பவும் ஆவாது. உங்கப்பா சிரிப்பு அதுல இருக்கு. வேற எங்கயும் இல்ல. அத வெட்டாத."

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம், "அப்பா இப்பிடிச் சிரிச்சு நானும் கேட்டதில்ல சின்னம்மா" என்றாள். எனக்கு மட்டும் கிடைக்காமல் போனதல்ல, அவளுக்கும் கிடைக்கவில்லை. அதைக் கேட்டதும் மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது உண்மை. ஒரு தாய் அப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

மருமகன் பாவம், இரண்டு பேரையும் திருப்திப்படுத்தப் பார்த்தான். முதலில் அவரை எடுத்துவிட்டு அவள் குரலை மட்டும் போட்டுக் காட்டினான். கோயில் மணி மாதிரி கணீரென்று வந்தது, ஒப்புக்கொள்கிறேன். மீன் இடத்தில் மட்டும் அவள் பேசி நிறுத்தி, யாருமில்லாத அறையைப் பார்த்து "போங்க அங்கிட்டு" என்று சொல்லி, தனியாகச் சிரித்தாள். கேட்கச் சகிக்கவில்லை. அப்புறம் நான் நப்பாசையில் கேட்டேன், அவளை எடுத்துவிட்டு அவரை மட்டும் வைக்க முடியுமா என்று. முடியும் என்று செய்தும் கொடுத்தான். நெடுநேரம் ஒன்றுமே இல்லை, பிறகு திடீரென்று ஒரு சிரிப்பு. கம்பி உரசுவதுபோல் ஓரங்கள் பிய்ந்த சிரிப்பு, அதன் அடியில் அவள் குரலின் துணுக்குகள் விடாமல் ஒட்டியிருந்தன. எதற்காகச் சிரிக்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொள்ளத்தான் அப்படிக் கேட்டேன். அது நடக்கவில்லை. எல்லாவற்றையும் பழையபடி வை, ஒன்றையும் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

ஜெபத்தன்று முழுசாகத்தான் போட்டார்கள். மழையும் பிள்ளையும் அவரும் சேர்ந்து ஹால் நிறைய வந்தார்கள். சிரிப்பு வந்ததும் பேத்தி கண்களைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பழைய தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி, அவரோடு லோரியில் ஏறி வேலைக்குப் போனவராம், "அந்தக் காலத்துல பெரிய கேலிக்காரருல்ல, லோரில ஏறுனா சிரிப்பாணிதான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். லோரியில் போனவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. நான் சாப்பாட்டைப் பார்க்கிறேன் என்று எழுந்தேன், ஆனால் போகவில்லை. கதவருகே நின்று கடைசிவரை கேட்டேன்.

இப்போது ரந்தாவ் வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். மருமகன் அதை என் போனில் ஏற்றி, உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றும் கொடுத்தான். அதில் போட்டால் அவள் மட்டும் பளிச்சென்று வந்தாள், அவர் மறுபடியும் லோரியாகிவிட்டார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காதை முழுசாக மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்தான். அதில்தான் கதவுப் பக்கத்தில் நிற்பவர் தெளிவாகக் கேட்கிறார். ஆனால் அதைப் போட்டுக்கொண்டால் அவள் அறையில் எங்கும் பேசுவதில்லை, நேராக என் தலைக்குள், இரண்டு காதுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுகிறாள். எழுந்து அடுப்படிக்குப் போனாலும் கூடவே வருகிறாள். சிரிப்பு வரும் இடத்துக்கு நேராக ஓட்டிப் போகவும் எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். செய்து பார்த்தேன். முன்னால் அவள் பேசாமல், அவர் மட்டும் சிரித்தால் அந்தச் சிரிப்பு ருசிக்கவில்லை.

அதனால் மத்தியானத்தில், சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து போடுகிறேன். அவள் தன் அக்காவை நலம் விசாரிக்கிறாள். மழையைச் சொல்கிறாள். பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொல்கிறாள். அவளுக்கு அவசரமே இல்லை. எனக்கு வயிறு எரியத்தான் எரிகிறது, இத்தனை வயதுக்குப் பிறகும் அது குறைவதாக இல்லை. சீக்கிரம் மீனுக்கு வாடி என்று அவளிடம் சத்தமாகவே சொல்கிறேன். அவள் வருகிறாள். அவர் சிரிக்கிறார்.